கலைப்பிரிவு என்றால் மிச்சப் பிரிவா?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்ததும் நமது வீடுகளில் இரண்டு விதமான பேச்சு நடப்பதைப் பார்க்கிறோம். பிள்ளை கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் திறமைச் சித்தி பெற்றிருந்தால் குடும்பமே கூடி ஆலோசிக்கும். மாமா வருவார், சாச்சா வருவார், கட்டாரில் இருக்கும் நானாவும் தொலைபேசியில் அபிப்பிராயம் சொல்வார். கலைப்பிரிவுக்குப் போகும் பிள்ளைக்கோ இந்த ஆலோசனை எதுவும் கிடையாது. "ஆர்ட்ஸ்தானே! லேசான மூணு பாடத்த எடுக்கட்டும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பெருநாளைக்கு ஒரு சேலை எடுப்பதென்றால் புறக்கோட்டையில் நாலு கடை ஏறி இறங்குகிறோம். துணியைத் தொட்டுப் பார்த்து, சாயம் போகுமா என்று கேட்டு, விலை பேசித்தான் எடுக்கிறோம். ஆனால், ஒரு பிள்ளையின் எதிர்காலத்தோடு சம்பந்தப்பட்ட மூன்று பாடங்களை, பாடசாலையில் படிவம் நிரப்பும் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறோம்.

அன்புச் சகோதரிகளே, எங்கள் வீட்டில் இந்தத் தெரிவு எப்படி நடந்தது என்பதை எழுதினால், மகள்மாரை உயர்தரத்துக்கு அனுப்பக் காத்திருக்கும் உம்மாமாருக்குச் சிறிதளவாவது பயன்படும் என்ற எண்ணத்திலேயே இதை எழுதுகிறேன்.

ஒழுங்கைக்கு வந்த கடிதம்

நாங்கள் கொட்டாஞ்சேனைவாசிகள். பள்ளிவாசலின் பாங்கோசை, கோயில் மணி, தேவாலய மணி, பன்சலையின் பிரித் ஓதல் எல்லாம் ஒரே காற்றில் வந்து காதில் விழும் இடம் இது. இங்கே வளரும் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், தெருவில் சிங்களம் பேசுவார்கள், பாடசாலையில் கொஞ்சம் ஆங்கிலமும் பழகுவார்கள். என் மூத்த மகள் பத்து வயதிலிருந்தே எங்கள் ஒழுங்கையில் கடிதம் வாசித்துச் சொல்பவள். சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தால் போதும், "மகள் இருக்கா?" என்று யாராவது வாசலில் வந்து நிற்பார்கள்.

அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது பக்கத்து வீட்டு ராத்தா ஒரு கடிதத்தோடு வந்தார். ஓர் அரச அலுவலகத்திலிருந்து வந்தது. சிங்களத்தில் மட்டும் இருந்ததால் அவர் அதை அலமாரியில் வைத்துவிட்டார். மகள் வாசித்துப் பார்த்தபோது, பதிலளிக்க வேண்டிய கெடு முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ராத்தா ஒன்றும் பேசாமல் கடிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு மகள் கேட்டாள்: "உம்மா, தமிழும் அரச கரும மொழிதானே? அப்ப ஏன் ராத்தாவுக்குச் சிங்களத்தில மட்டும் அனுப்புறாங்க?"

"1987 இல பதின்மூன்றாம் திருத்தம் கொண்டுவந்தப்ப தமிழும் அரச கரும மொழி எண்டு சேர்த்தாங்க, மகள்" என்றேன்.

"சட்டத்தில எழுதினது ராத்தாட கைக்கு வர ஏன் இவ்வளவு காலம் எடுக்குது?"

இந்தக் கேள்விக்கு அடுக்களையில் பதில் இல்லை. ஆனால், இந்தக் கேள்வியைப் பற்றியே படிக்கும் ஒரு பாடம் உண்டு. அது அரசறிவியல். அன்று எனக்கு அது நினைவில் தட்டியது.

லேசான பாடம் எது?

மகள் 2018 டிசம்பரில் சாதாரண தரம் எழுதினாள். 2019 மார்ச் இறுதியில் பெறுபேறு வந்தது. விஞ்ஞானத்தில் சாதாரண சித்திதான். தமிழிலும் வரலாற்றிலும் குடியியற் கல்வியிலும் மிக நல்ல பெறுபேறு. அல்ஹம்துலில்லாஹ். கலைப்பிரிவு என்பது தெளிவாகிவிட்டது. எந்த மூன்று பாடம் என்பதுதான் கேள்வி. நான் 1994 இல் எழுதியபோது நான்கு பாடங்கள் இருந்தன. 2000 ஆம் ஆண்டில் புதிய முறை வந்தபின் மூன்றுதான். நான்கில் ஒன்று பிழைத்தாலும் மற்றவை தாங்கும் என்றிருந்த காலம் போய், ஒவ்வொரு பாடமும் மூன்றில் ஒரு பங்கு கனமாகிவிட்டது.

உம்மும்மா சொன்னார்: "இஸ்லாம், தமிழ், இஸ்லாமிய நாகரிகம் எடுக்கட்டும். பக்கத்துப் பள்ளிக்கூடத்திலயே படிக்கலாம். டீச்சராகலாம். ரெண்டு மணிக்கு ஊட்டுக்கு வந்திடலாம்."

இந்தப் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. ஆசிரியத் தொழில் கண்ணியமான தொழில். உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டு தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்குப் போய் ஆசிரியைகளாக வெளிவந்த நம் பெண்கள் எத்தனையோ பேர். தர்கா நகரிலும் அட்டாளைச்சேனையிலும் அத்தகைய கல்லூரிகள் இருக்கின்றன. இஸ்லாமிய நாகரிகமும் சும்மா மனப்பாடம் செய்யும் பாடமல்ல. பக்தாதும் கொர்டோவாவும் கெய்ரோவும் எப்படி எழுந்தன, எப்படி விழுந்தன என்று ஆராய விரும்பும் பிள்ளைக்கு அது பெரிய சமுத்திரம். ஆனால், ஆசையோடு எடுப்பது ஒன்று, லேசு என்று எடுப்பது இன்னொன்று. என் மகளுக்கு அந்த ஆசை இருக்கவில்லை.

என் தங்கை, அதாவது மகளின் சாச்சி, வேறொன்று சொன்னாள்: "என்னத்த எடுத்தாலும் ஒண்டுதானே. மார்க்ஸ் கூட வாறத எடு."

இங்கேதான் நம்மில் பலருக்குத் தெளிவில்லாத ஒரு விஷயம் இருக்கிறது. 2001 ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்கு வெறும் புள்ளிகளின் கூட்டுத்தொகையைப் பார்ப்பதில்லை. இசட் புள்ளியைத்தான் பார்க்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். விஷயம் எளிது. ஒரு பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்தும் உங்கள் பிள்ளை எவ்வளவு மேலே நிற்கிறாள் என்று அளப்பதுதான் அது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எல்லோரும் லேசு என்று எடுக்கும் ஒரு பாடத்தில் சராசரி 60 என்று வைத்துக்கொள்வோம். புள்ளிகள் பரந்திருக்கும் அளவு, அதாவது நியம விலகல், 10. பிள்ளை 75 எடுத்தால் சராசரியைவிட 15 அதிகம். அதைப் பத்தால் வகுத்தால் 1.5. இன்னொரு பாடத்தில் சராசரி 40, நியம விலகல் 12. அங்கே பிள்ளை 64 எடுத்தால் சராசரியைவிட 24 அதிகம். பன்னிரண்டால் வகுத்தால் 2. குறைந்த புள்ளி எடுத்த பாடம்தான் அவளுக்கு அதிகம் உதவியிருக்கிறது! மூன்று பாடங்களுக்கும் இப்படிக் கணக்கிட்டுச் சராசரி எடுப்பதே இறுதி இசட் புள்ளி.

எல்லோருக்கும் லேசான பாடத்தில் எல்லோருமே நிறையப் புள்ளி எடுப்பதால் அந்த லேசினால் பெரிய இலாபம் எதுவும் கிடையாது. தனக்கு எந்தப் பாடம் மற்றவர்களைவிட நன்றாக வரும் என்பதையே பிள்ளை பார்க்க வேண்டும். விருப்பமில்லாத பாடத்தில் அப்படி மேலே வருவது கஷ்டம். இதை ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டியதும் என் தங்கை, "இது எனக்கு ஆரும் சொல்லித் தரல்லயே" என்றாள்.

மூன்று நாள் பரிசோதனை

பிறகு நாங்கள் ஒரு காரியம் செய்தோம். பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்களில் ஆறு பாடங்களுக்குரியவற்றைத் தேடி எடுத்தோம். தமிழ், சிங்களம், அரசறிவியல், புவியியல், அளவையியலும் விஞ்ஞான முறையும், இஸ்லாமிய நாகரிகம். மூன்று நாள், நாளைக்கு இரண்டு பாடம். "பதில் எழுதத் தேவையில்ல. வாசி. எந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் பார்க்க ஆசை வருதோ, அதில ஒரு புள்ளடி போடு" என்றேன்.

சிங்களம் எடுக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய முதல் எண்ணமாக இருந்தது. மொழிபெயர்ப்பாளர் ஆகலாம் என்ற கனவு. 2007 ஆம் ஆண்டு யூலை முதல் அரச சேவையில் சேர்பவர்கள் இரண்டாவது அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதி இருப்பதால், இரு மொழியும் தெரிந்தவர்களுக்குக் கிராக்கி உண்டு என்பதும் உண்மைதான். ஆனால், உயர்தரச் சிங்கள வினாத்தாள் தெருவில் பேசும் சிங்களம் அல்ல. பழைய இலக்கியமும் செய்யுளும் இலக்கணமும் நிறைந்தது. சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளோடு போட்டி போட வேண்டும். அவள் ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு, "இது வேற சிங்களம் உம்மா" என்றாள். வேலைக்குத் தேவையான சிங்களத்தை அரச கரும மொழிகள் திணைக்களத்தின் பரீட்சைகள் மூலம் பிறகு வளர்த்துக்கொள்ளலாம். அதற்காக உயர்தரத்தில் ஒரு பாடத்தை ஒதுக்க வேண்டியதில்லை என்று அவளே முடிவுக்கு வந்தாள்.

அளவையியல் தாளில் ஒரு புள்ளடியும் விழவில்லை. அரசறிவியல் தாளில் பக்கம் முழுவதும் புள்ளடிகள். 1931 இல் டொனமூர் யாப்போடு இந்நாட்டுப் பெண்களுக்கும் வாக்குரிமை வந்தது, 1947 இல் சோல்பரி யாப்பு, 1972, 1978 ஆம் ஆண்டு யாப்புகள், மொழி உரிமை என்று அவள் கேட்ட கேள்விகள் எல்லாம் அங்கே இருந்தன.

புவியியல்தான் எதிர்பாராமல் அமைந்தது. வரைபடம் வாசிக்கும் பகுதியை அவள் விட்டு எழும்பவே இல்லை. மழைக்குக் கொட்டாஞ்சேனையில் எந்த ஒழுங்கை முதலில் தண்ணீரில் மூழ்கும், ஏன் மூழ்கும் என்று படம் கீறி வாப்பாவுக்கு விளங்கப்படுத்தினாள். "பொம்புளப் பிள்ளைக்கு எதுக்கு மேப்பு?" என்று உம்மும்மா சிரித்தார். "உம்மும்மா, 1154 இல உலகப் படம் கீறின அல் இத்ரீசி நம்ம ஆள்தானே! இப்னு பதூதா 1344 இல இலங்கைக்கு வந்து பாவாத மலையேறிப் போனவர்தானே!" என்று அவள் சொன்னதும் கிழவியின் முகம் மலர்ந்தது.

மூன்று கேள்விகள்

ஓர் அப்பியாசக் கொப்பியில் மூன்று நிரல் கீறினோம். ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று கேள்வி. இது எனக்கு ஏன் விருப்பம்? இதை எனக்கு யார் படிப்பிப்பார்? இது என்னை எங்கே கொண்டுபோகும்?

தமிழ், அரசறிவியல், புவியியல் ஆகிய மூன்றுக்கும் முதல் நிரலும் மூன்றாம் நிரலும் நன்றாக நிரம்பின. ஆசிரியத் தொழில், நிர்வாக சேவைப் பரீட்சை, சட்டக் கல்வி, பத்திரிகைத் துறை, திட்டமிடல் துறை என்று வழிகள் இருந்தன. இரண்டாம் நிரல்தான் வெறுமையாகக் கிடந்தது. வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியலுக்கும் புவியியலுக்கும் ஆசிரியர் இல்லை. "இருக்கிற பாடத்தை எடுங்கள்" என்றார்கள். இரண்டு பஸ் ஏறிப் போகும் தூரத்தில், எல்லாச் சமூகப் பிள்ளைகளும் படிக்கும் ஒரு பாடசாலையில் மூன்றுக்கும் ஆசிரியர்கள் இருந்தார்கள்.

அதற்கு விண்ணப்பிப்போமா என்று பேசிக்கொண்டிருந்த நாட்களில்தான் 2019 ஏப்ரல் 21 வந்தது. கொச்சிக்கடை தேவாலயம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அந்த நாளின் சத்தத்தையும், அதன்பின் வந்த அழுகையையும், பிரேதங்கள் போன தெருக்களையும் எங்கள் பகுதியில் யாரும் மறக்க முடியாது. அயலவர்களின் துக்கம் ஒரு பக்கம். நமது பெண்கள் தலையை மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறவே அஞ்சிய வாரங்கள் மறுபக்கம். பாடசாலைகள் மூடப்பட்டன. திறந்தபோதும் எல்லா வீட்டிலும் தாய்மார் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

உம்மும்மா உறுதியாகச் சொல்லிவிட்டார்: "தூரப் பள்ளிக்கூடம் வாணாம். இந்தக் காலத்தில பிள்ளய பஸ்ஸில அனுப்புறதா? பக்கத்தில எது இருக்கோ அதப் படிக்கட்டும்."

அந்த அச்சத்தை யார் குறை சொல்ல முடியும்? எனக்கும் நெஞ்சு படபடத்தது. பிள்ளையின் வாப்பா, "ஏன் அந்தப் பாடம்தான் வேணும் எண்டு நீயே உம்மும்மாவுக்குச் சொல்லு, மகள்" என்றார்.

அவள் உம்மும்மாவின் காலடியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்: "உம்மும்மா, இப்ப நம்மளப் பார்த்து மத்தவங்க பயப்புடுறாங்க. அவங்களப் பார்த்து நாம பயப்புடுறோம். இது எப்படி வந்தது, நாடு எப்படி நடக்குது, சட்டம் என்ன சொல்லுது எண்டு நம்மள்ள ஆராவது படிக்க வேணாமா? எல்லாரும் பயந்து வீட்டுக்குள்ள இருந்தா, ராத்தாட கடிதத்த ஆர் வாசிக்கிற?"

உம்மும்மா வெகுநேரம் பேசவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மகனைப் பார்த்து, "மொதல் ஒரு மாசம் நீ கூட்டிட்டுப் போ" என்றார்.

ஐந்துலாம்புச் சந்திக்குப் பக்கத்தில் அவருக்குச் சிறிய கடை. கடை திறக்கும் நேரத்தைப் பின்போட்டு, ஒரு மாதம் காலையில் மகளைப் பாடசாலை வாசல் வரை கொண்டுபோய் விட்டார். அங்கே முதல் நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தது கொச்சிக்கடைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளை. இரண்டாம் மாதம் முதல் அந்தப் பிள்ளையும் இவளும் ஒன்றாகவே பஸ் ஏறினார்கள்.

தெரிவு ஒருமுறையோடு முடிவதில்லை

அடுத்த வருடமே கொரோனா வந்து பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. 2021 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. சுவாரசியமில்லாத பாடங்களாக இருந்திருந்தால் அந்த நீண்ட காலத்தில் கொப்பியை மூடி வைத்திருப்பாள் என்றே நினைக்கிறேன். வகுப்பே இல்லாத நாட்களிலும் அவள் வரைபடத்தை விரித்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் கண்டவள் நான். அல்லாஹ்வின் உதவியால் பல்கலைக்கழக அனுமதியும் கிடைத்தது.

அங்கே போன பிறகு இதே கேள்வி மறுபடியும் வந்தது. கலைப்பீடத்தில் முதலாம் ஆண்டில் சில பாடங்களைப் படித்து, அதன்பின் மூன்று வருடப் பொதுப்பட்டமா, ஒரே பாடத்தில் ஆழமாகப் போகும் நான்கு வருடச் சிறப்புப் பட்டமா என்று தீர்மானிக்க வேண்டும். சிறப்புப் பட்டத்துக்கு முதலாம் ஆண்டுப் பெறுபேற்றையும் பார்ப்பார்கள். "ஒரு வருஷம் கூடப் போகுதே, கலியாணம் பேசுற வயசு" என்று உறவுக்குள் பேச்சு எழுந்தது. மகள் பழைய கொப்பியை எடுத்து அதே மூன்று கேள்விகளை எழுதினாள். இப்போது அரசறிவியலில் சிறப்புப் பட்டம் படிக்கிறாள்.

இது நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் சமூகக் கல்லூரி என்று இரண்டாண்டுக் கல்லூரிகள் உண்டு. 1901 இல் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கிய முறை இது. செலவு குறைவு என்பதால் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும், வேலை செய்யும் தாய்மாரும் அங்கே சேர்கிறார்கள். அங்கே குடியேறிய என் மச்சியின் மகள் 'கலைப்பாடங்கள்' என்று பொதுவாகச் சேர்ந்தாள். சேர்ந்ததும், "எந்தப் பாடத்தில் அழுத்தம் வைக்கப் போகிறாய்?" என்று கேட்டார்களாம். அந்த அழுத்தத்தைப் பொறுத்தே பிறகு எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தத் துறையில் மூன்றாம் ஆண்டுக்குச் சேரலாம் என்பது அமைகிறது. கடல் கடந்தாலும் கேள்வி ஒன்றுதான்.

உயர்தரத்தோடு படிப்பை நிறுத்திய சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. 1980 இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் நாவலையில் இருக்கிறது. யாழ்ப்பாணம், கண்டி, மாத்தறை முதலிய இடங்களிலும் அதன் நிலையங்கள் உள்ளன. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுப் படிக்கும் தாய்மார் அங்கே இருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையிலேயே நாற்பது வயதில் புத்தகத்தைத் திறந்த ஒருவர் இருக்கிறார். அவரும் முதலில், "எந்தப் பாடம் எடுக்கிற?" என்று கேட்டுக்கொண்டுதான் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த மூன்று நிரல் கொப்பியைத்தான் அவருக்கும் காட்டினோம்.

ஆகவே, உம்மாமாரே, படிவம் நிரப்பும் நாளுக்கு ஒரு மாதம் முந்தியே தொடங்குங்கள். கடந்தகால வினாத்தாள்களை மகளின் கையில் கொடுங்கள். பாடசாலைக்குப் போய், "இந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா?" என்று வாய் திறந்து கேளுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் பரீட்சை எழுதலாம் என்பதையும், மூன்று பாடங்களோடு பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி எடுக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். மானியங்கள் ஆணைக்குழு வருடந்தோறும் வெளியிடும் அனுமதிக் கைநூலில் எந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதைத் தெரிவுக்குப் பின் பார்க்காமல் முன்பே பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "ஏன் இந்தப் பாடம்?" என்று மகளிடம் கேளுங்கள். அவள் பதில் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாக இருங்கள். மனைப் பொருளியல் என்றாலும் சரி, அரபு என்றாலும் சரி, பொருளியல் என்றாலும் சரி, அவள் காரணத்தோடு சொன்னால் அந்தப் பாடத்துக்குப் பின்னால் குடும்பம் நிற்கட்டும். நம் பெண் மக்களின் அறிவை அல்லாஹ் பெருக்கி, அதைக் கொண்டு வீட்டுக்கும் நாட்டுக்கும் பயன் தருவானாக. ஆமீன்.